பூஜைக்குத் துடைத்த சர்வர்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஆயுத பூஜை விடுமுறை முடிந்து கம்பெனிகள் திறந்த முதல் நாள் காலை. திருப்பூரை ஒட்டிய முதலிபாளையம் தொழிற்பேட்டையில், துணியில் டிசைன் அச்சடித்துக் கொடுக்கும் ஒரு பிரிண்டிங் கம்பெனியில் நடந்தது இது.

என் தொழில் சர்வர் பார்ப்பது. பனியன் கம்பெனி, சாயப்பட்டறை, எம்பிராய்டரி என்று பதினைந்து இடங்களுக்கு நான்தான் போய்வருகிறேன். ஆரம்ப காலத்தில் புது இடத்துக்குப் போனால், "சாரு எப்பங்க வருவாரு?" என்று, பெண்ணான என்னிடமே கேட்பார்கள். நான் பதில் சொல்ல மாட்டேன். வேலையை முடித்துவிட்டு, "சாரு வந்துட்டுப் போயிட்டாருங்க" என்று சொல்லி வண்டியைக் கிளப்புவேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று வீட்டிலேயே சொல்வார்கள். வேலை சுத்தமாக இருந்தால் வாய் இருப்பதில் தப்பில்லை என்பது என் கட்சி.

அந்தக் கம்பெனியில் டிசைன் ஃபைல்கள் பொல்லாத கனம். ஒரு டிசைனில் எட்டு வண்ணம் இருந்தால் எட்டுக்கும் தனித்தனி ஃபைல். அதிலேயே துணி வாங்கும் பையர் 'இந்த நீலம் வேண்டாம், வேறு நீலம்' என்றால் மறுபடியும் எட்டு. பன்னிரண்டு டிஸ்க்குகளை ஒன்றாக அடைத்து, சர்வருக்கு ஒரே பெரிய டிஸ்க்காகக் காட்டும் பெட்டி ஒன்று வைத்திருந்தார்கள். பதினெட்டு டெராபைட். அது நிரம்பி வழிந்தது. பேக்கப் எடுக்கும் டிஸ்க் அதற்கு முன்பே நிரம்பி, நாலு மாதமாக பேக்கப்பே ஓடவில்லை. மூன்று தடவை ஓனரிடம் சொன்னேன். "ஆகட்டுங்க மேடம், இந்த ஷிப்மென்ட் போகட்டும்" என்று மூன்று தடவையும் சொன்னார். திருப்பூரில் எந்த ஷிப்மென்ட் போனாலும் அதற்குப் பின்னால் இன்னொன்று நிற்கும்.

ஒருவழியாகப் புதுப் பெட்டி வந்தது. தொண்ணூறு டெராபைட். புதுசு என்றால் நமக்குப் புதுசு, அவ்வளவுதான். பெங்களூரில் ஏதோ ஆபீஸில் ஓடியதை சர்வீஸ் செய்து விற்றார்கள். "உள்ளே பழைய ஃபைல் சிஸ்டம் இருக்கும், நீங்களே அழித்துக்கொள்ளுங்கள்" என்று விற்றவர் சொல்லித்தான் அனுப்பினார். இந்தப் பேச்சுதான் பின்னால் எனக்கு வினையாக வந்தது.

ஃபைல் சிஸ்டம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் குடோனைத்தான் காட்டுவேன். வெறும் குடோனில் ரேக் அடித்து, நம்பர் போட்டு, எந்தத் துணி ரோல் எந்த ரேக்கில் இருக்கிறது என்று எழுத ஒரு புத்தகம் வைக்கிறோம் இல்லையா, டிஸ்க்கில் அதைச் செய்வதுதான் ஃபைல் சிஸ்டம் உருவாக்குவது. சின்ன டிஸ்க்கில் யார் வேண்டுமானாலும் செய்யலாம். தொண்ணூறு டெராபைட்டை ஒரே குடோனாக எழுப்புவது வேறு. அதற்குத் தகுந்த ஃபைல் சிஸ்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், உள்ளே பன்னிரண்டு டிஸ்க்கும் வேலையை எப்படிப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்று கணக்குச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் பெட்டி ஓடும், ஆனால் நொண்டும். அதில் நான் கைதேர்ந்தவள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது.

அங்கே ஒரு டிசைனர் இருந்தாள். இருபத்தெட்டு வயதிருக்கும். அதுவரை வெளிநாட்டு பையர் அனுப்பும் டிசைனைத்தான் அந்தக் கம்பெனி அச்சடித்துக்கொண்டிருந்தது. "குழந்தைகள் துணிக்கு நாமளே வரைஞ்சு காட்டலாமுங்க" என்று ஓனரைச் சம்மதிக்க வைத்தவள் அவள். மூன்று மாதம் உட்கார்ந்து அறுபத்திரண்டு டிசைன் வரைந்திருந்தாள். கடலைக் காட்டில் மேயும் மயில், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள், எருமை மேல் உட்கார்ந்து போகும் கொக்கு, இப்படி. விடுமுறை முடிந்த அடுத்த வாரம் வியாழக்கிழமை பையரிடம் காட்ட வேண்டும். பையர் எடுத்துக்கொண்டால் அவளுக்குக் கீழே நாலு பேர் வைத்துத் தனி டிசைன் பிரிவு. எடுக்கவில்லை என்றால் பழையபடி அடுத்தவர் படத்துக்கு வண்ணம் பிரிக்கும் வேலை. ஓனர் இதை அவளிடம் நேராகவே சொல்லியிருந்தார். அந்த அறுபத்திரண்டும் பழைய பெட்டியில் இருந்தன. வேறு எங்கேயும் இல்லை.

பூஜைக்கு முன்பே புதுப் பெட்டியைப் பொருத்தி, ஓட்டிப் பார்த்து, எல்லாம் சரி என்று வைத்துவிட்டேன். முதல் கேபிளில் பழைய பெட்டி, அதற்கு சர்வர் வைத்த பெயர் எஸ்டிபி. இரண்டாவது கேபிளில் புதுசு, அது எஸ்டிசி. என் நோட்டில் 'சி புதுசு' என்று எழுதிக் கோடும் போட்டேன். பெட்டிகளின் முகப்பில் 'பழசு', 'புதுசு' என்று பேப்பர் ஒட்டினேன். விடுமுறை முடிந்து வந்து ஃபைல் சிஸ்டம் உருவாக்குவது, பிறகு பழையதிலிருந்து புதியதற்கு எல்லாவற்றையும் நகலெடுப்பது என்று திட்டம்.

ஆயுத பூஜைக்குத் திருப்பூரில் மெஷினைத் துடைப்பது என்றால் மேலோட்டமாகத் துடைப்பது இல்லை. கழற்றி, வெளியே எடுத்து, மூலை முடுக்கெல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொரி கடலை படைத்து, அப்புறம்தான் மறுபடி மாட்டுவார்கள். கத்தரிக்கோலிலிருந்து கம்ப்ரஷர் வரைக்கும் பொட்டு இல்லாமல் எதுவும் இருக்காது. கம்பெனியில் எல்லாவற்றையும் துடைக்கச் சொன்னார் ஓனர். எல்லாவற்றையும் என்றால் எல்லாவற்றையும் என்றுதான் எடுத்துக்கொண்டார், பதினெட்டு வருடமாக அங்கே மெஷின் ஓட்டும் ஆபரேட்டர். மடத்துக்குளத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும்.

அன்று காலை நான் போனபோது டிசைன் அறையில் வேலை சரியாக ஓடிக்கொண்டிருந்தது. பழைய பெட்டியை சர்வர் கேபிளை வைத்துத் தேடாது, அதற்குள் எழுதியிருக்கும் அடையாள எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்கும். அதனால் எதுவும் மாறியதாக யாருக்கும் தெரியவில்லை. எல்லோரையும் ஃபைல்களை மூடச் சொல்லிவிட்டு, நான் வேலை பார்க்கும்போது யாரும் எதையும் எழுதிவிடக் கூடாது என்று பழைய பெட்டியை சர்வரின் பிடியிலிருந்து விடுவித்தேன். பழையதைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன். விடுவிக்காமல் இருந்திருந்தால் என் கட்டளையை சர்வரே மறுத்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து ஓனர் தன் மச்சினரை அழைத்துக்கொண்டு வந்தார். மச்சினர் சாயப்பட்டறைக்காரர், அவருக்கும் சர்வர் பார்க்க ஆள் வேண்டுமாம். "எத்தனை நேரம் ஆகுமுங்க?" என்று கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். "தொண்ணூறு டெராபைட்டுங்க. நீங்க பத்து எண்ணுங்க, முடிச்சுக் காட்டறேன்" என்றேன்.

டிஸ்க்குகளின் பெயரையும் அளவையும் வரிசையாகக் காட்டும் கட்டளை ஒன்று உண்டு. எதையும் அழிக்கும் முன் அதைப் போட்டு மூன்று தடவை பார்க்க வேண்டும் என்று எத்தனையோ பேருக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன். அன்று போடவில்லை. நோட்டில் 'சி புதுசு' என்று இருக்கிறதே! எஸ்டிசி என்று அடித்தேன். 'இதில் ஏற்கெனவே ஒரு ஃபைல் சிஸ்டம் இருக்கிறது, கட்டாயம் அழிக்க வேண்டும் என்றால் மட்டும் மைனஸ் எஃப் சேர்க்கவும்' என்று சர்வர் நின்றது. எனக்குச் சந்தேகமே வரவில்லை. விற்றவர் சொன்ன பழைய ஃபைல் சிஸ்டம் இதுதான் என்று நினைத்தேன். என்னைக் காப்பாற்ற வந்த ஒரே எச்சரிக்கை, நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த எச்சரிக்கையாக இருந்து தொலைத்தது. மைனஸ் எஃப் சேர்த்துத் தட்டினேன். மச்சினர் ஆறு எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. "அட, பரவால்லீங்களே" என்றார். நான் தலையை ஆட்டிக்கொண்டேன்.

அதற்கப்புறம்தான் அளவைப் பார்த்தேன். பதினெட்டு டெராபைட் என்று இருந்தது. தொண்ணூறு இல்லை, பதினெட்டு.

எனக்குக் காது அடைத்துவிட்டது. பக்கத்தில் இருவரும் பேசுவது கேட்கவே இல்லை. எழுந்து போய் ரேக்கை முன்னும் பின்னும் பார்த்தேன். பெட்டிகள் பளபளவென்று இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். நான் ஒட்டிய பேப்பர்களைக் காணோம். மேலே இருந்தது கீழே, கீழே இருந்தது மேலே. கேபிளும் மாறியிருந்தது. கேபிளோடு சேர்ந்து எஸ்டிசி என்ற பெயரும் பழைய பெட்டிக்குப் போயிருந்தது.

என்னைப் பார்த்துவிட்டு அந்த ஆபரேட்டர் சந்தோஷமாக வந்தார். "உங்க பொட்டீலயும் ஒரு தூசி உடலீங்க மேடம். பேப்பரெல்லாம் அழுக்கா ஒட்டியிருந்துச்சுங்க, சொரண்டி எடுத்துப்போட்டேன்" என்றார்.

ஓனர் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்று கேட்டார். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பொட்டி மாறிப்போச்சுங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பொய் இல்லை. ஆனால் யார் என்ன செய்தார்கள் என்பது அதில் இல்லை. டிசைன்கள் அழிந்துவிட்டனவா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினேன். உடனே ஓனர் அந்த மனிதர் மேல் பாய்ந்தார். "உன்னைய ஆரு அதைத் தொடச் சொன்னது? விளங்காத கம்ப்யூட்டர்ல உனக்கென்ன வேலை?" என்று பிடித்துக்கொண்டார். தொடச் சொன்னதே அவர்தான். ஆபரேட்டர் கையைக் கட்டிக்கொண்டு, தப்புத்தானுங்க, தப்புத்தானுங்க என்று நின்றார்.

நான் பேசாமல் நின்றேன். ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் என் மூளை எவ்வளவு வேகமாக ஓடியது தெரியுமா? பதினைந்து கம்பெனி, பக்கத்தில் நிற்கும் மச்சினர், 'சாரு எப்ப வருவாரு' என்று கேட்ட ஊரில் நான் சம்பாதித்த பெயர், எல்லாம் ஓடியது. இப்படியே விட்டால் இது பூஜைக்குத் துடைத்தவர் தப்பாகவே போய்விடும். யாருக்கும் எதுவும் புரியப் போவதில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

சத்தம் கேட்டு அந்த டிசைனர் பெண் உள்ளே வந்தாள். ஃபைலை எப்போது திறக்கலாம் என்று கேட்க வந்தவள், வாசலிலேயே நின்றாள். ஆபரேட்டர் அவள் பக்கம் திரும்பினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "உன்ற படமெல்லாம் என்னால போயிருச்சு கண்ணு" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அவரு ஒண்ணும் பண்ணலீங்க. பொட்டி மாறுனதுதான் அவரு கையில. அழிச்சது நானு. எத்தனை டெராபைட்னு ஒரு தடவை பாத்திருந்தா இது நடந்திருக்காது. சர்வரே நிறுத்திக் கேட்டுச்சு, அப்பவும் பாக்காம அடிச்சுட்டேன். அவரை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றேன்.

மச்சினர் மெதுவாகத் தன் கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். போன இடத்திலிருந்து அவர் திரும்பவே இல்லை, இன்றுவரை எனக்குக் கூப்பிடவும் இல்லை. டிசைனர் பெண் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "திரும்ப வருமாங்கக்கா?"

"நெறைய வரும். எல்லாமே வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்றேன். அந்தப் பதிலைச் சொன்ன உடனே எனக்குக் காது கேட்கத் தொடங்கியது. தப்பு செய்தவளாக நின்ற வரைக்கும்தான் அந்த அடைப்பு. சரிசெய்ய வேண்டியவள் என்று ஆனதும் கை தன் வேலைக்கு வந்துவிட்டது.

ஓனர் உடனே அந்த நாலு மாதப் பழைய பேக்கப்பையாவது அதே பெட்டியில் போட்டு வேலையை ஆரம்பிக்கலாம் என்று அவசரப்பட்டார். கூடவே கூடாது என்றேன். புதிதாக ஃபைல் சிஸ்டம் உருவாக்கும்போது பெரும்பாலும் அந்தப் புத்தகம்தான் மாறுகிறது, குடோனில் ரோல்கள் கிடந்த இடத்திலேயே கிடக்கும். புது ரோலை உள்ளே கொண்டுபோய் வைத்தால்தான் பழையது நசுங்கும். உண்மையைச் சொல்லாமல், பெட்டி மாறியதில் எல்லாம் போய்விட்டது என்றே மழுப்பியிருந்தால், ஓனர் சொன்னபடி நானே அந்தப் பேக்கப்பை அதன் மேல் கொட்டியிருப்பேன். ரோல்கள் உள்ளேயே கிடக்கின்றன என்று சொன்னால், புத்தகத்தை மாற்றியது நான்தான் என்றும் சொல்ல வேண்டியிருக்குமே.

முதல் வேலையாக ஆபரேட்டரைக் கூப்பிட்டேன். அவர் வரத் தயங்கினார். பழைய பெட்டியின் கேபிளை நீங்களே பிடுங்குங்கள் என்றேன். பிடுங்கினார். இப்போது சர்வரில் ஒரே ஒரு பெட்டிதான். டிசைனர் பெண்ணைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்து, அளவைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். "தொண்ணூறுங்கக்கா" என்றாள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். படித்தாள். அதற்கப்புறம்தான் அந்தப் பெரிய ஃபைல் சிஸ்டத்தை உருவாக்கினேன். யாரும் எண்ணவில்லை, நானும் எண்ணச் சொல்லவில்லை.

பிறகு பழைய பெட்டியைப் படிக்க மட்டும் அனுமதித்து மாட்டி, பதினெட்டு டெராபைட்டையும் ஓர் எழுத்து விடாமல் ஒரே ஃபைலாகப் புதுப் பெட்டிக்கு நகலெடுத்தேன். மறுநாள் மதியம் வரை அது ஓடியது. அந்த நகலின் மேல் மீட்பு மென்பொருளை விட்டுத் தேடியதில் லட்சக்கணக்கில் ஃபைல்கள் வந்து விழுந்தன. சாமி, ஒன்றுக்கும் பெயர் இல்லை. வெறும் எண்கள்.

அங்கேதான் அந்தப் பெண் உட்கார்ந்தாள். சிறு படங்களாகத் திரையில் ஓடவிட்டேன். "இது என்ற மயிலு. இது பையரோட பூ, வேண்டாம். இது என்னோடது, ஆனா பழைய நீலம்" என்று மூன்று நாள் பகல் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் பிரித்துப் பெயர் வைத்துக்கொண்டே இருந்தேன். ஆபரேட்டர் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, எத்தனை வந்திருக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவார். முப்பது, நாற்பத்தொன்று, ஐம்பத்தாறு. கடைசியில் ஐம்பத்தொன்பதில் நின்றது. மூன்று வரவே இல்லை. அதில் ஒன்று அந்த எருமையும் கொக்கும். அவளுக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது என்று எனக்குத் தெரியும். அவள் டேப்லெட்டை எடுத்து எருமையின் முதுகை வரைய ஆரம்பித்தாள். நான் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை, அவள் திரும்ப வரைந்த மூன்றையும் சேர்த்து அறுபத்திரண்டையும் காட்டினார்கள். பையர் பதினான்கை எடுத்துக்கொண்டார். தனிப் பிரிவு வந்தது, நாலு பேரும் வந்தார்கள்.

அதற்கடுத்த வாரம் ஓனர் கூப்பிட்டார். வேலை போய்விட்டது என்று நினைத்துத்தான் போனை எடுத்தேன். "மச்சினரு வேற ஆளப் பாக்கச் சொன்னாருங்க மேடம். நானும் ரோசனை பண்ணுனனுங்க. இந்த டிசைனர் புள்ளதான் உடலை. 'வேற ஆளு வந்தாலும் தப்பு நடக்கத்தானுங்க செய்யும். இந்தக்கான்னா நடந்ததை நடந்தபடி சொல்லுவாங்க. அவங்களே பாக்கட்டுங்க'ன்னு சொல்லிப்போட்டா" என்றார்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் உள்ளே வருவதற்கு முன்னால் நான் நின்ற அந்த ஒரு நிமிடம் அவளுக்குத் தெரியாது. அன்றே கம்பெனிக்குப் போய் அவளிடம் சொன்னேன். "அதையும் சொல்லிட்டீங்களேக்கா" என்றாள். அங்கிருந்து மெஷின் பக்கம் போய், ஆபரேட்டரிடம் அந்த ஒரு நிமிடத்துக்காக மன்னிப்புக் கேட்டேன். துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், "எந்த நிமிசமுங்க மேடம்?" என்று கேட்டார்.

அவருக்கு நிஜமாகவே தெரியவில்லையா, தெரிந்தே என்னை விட்டுவிட்டாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் எந்தக் கம்பெனியில் எது தப்பாகப் போனாலும், அந்த மாதிரி ஒரு நிமிடம் தொடங்குவதற்கு முன்பே 'நான்தான்' என்று சொல்லிவிடுகிறேன்.